பிரசங்க வீடியோக்களைத் தானாக மாற்றிச் சேமிப்பதும் ஒளிபரப்புவதும்: வன்னிச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சபையில் வீடியோ வேலை பார்த்த தம்பி பல்கலைக்கழகம் கிடைத்துப் போனபோது, ஒரு பழைய லப்டொப்பையும் பை நிறைய மெமரி கார்ட்டுகளையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். எட்டு மாதப் பிரசங்கங்கள் அதற்குள் கிடந்தன. எது எந்த ஞாயிறு என்று தெரியவில்லை. சில பைல்கள் போனில் ஓடவே இல்லை. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறு இரவும் கண்விழித்து, ஒவ்வொரு பைலாகக் கையால் மாற்றிப் போட்டவர் அவர். அந்த வேலை முழுவதும் அவருடைய தலைக்குள்ளேயே இருந்தது, அவ்வளவுதான்.

பரந்தனோ முழங்காவிலோ புதுக்குடியிருப்போ, நம் சபைகளில் இந்த வேலையைச் செய்யும் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். ஆகவே வேலையை ஆளிடம் விடாமல் கணினியிடம் விட வேண்டும். ஒரு போல்டரில் பைலைப் போட்டால் விடியும்போது சேமிப்புக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, சின்னப் போனுக்கு ஒன்று, காதால் கேட்க ஒன்று என்று தயாராக இருக்க வேண்டும். அதை அமைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். செலவாகும் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி

கமராவில் இருந்து வந்த மூலப் பைலை அழிக்காதீர்கள், அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். மற்ற எல்லாப் பிரதிகளையும் நேரடியாக அந்த மூலத்தில் இருந்தே எடுங்கள். சுருக்கிய பைலை மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும், இழந்தது திரும்பாது.

2008, 2009 இடம்பெயர்வில் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்யாண அல்பங்களையும் பாட்டுக் கேசட்டுகளையும் வழி நெடுக விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரே ஒரு பிரதி உள்ள பொருள் எவ்வளவு இலேசாகக் கைவிட்டுப் போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மூலத்தை வைத்திருக்க இடம் போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஏவிசிஎச்டி என்ற முறையில் பதியும் கமரா ஒன்று உயர்ந்த தரத்தில் ஒரு நொடிக்கு 24 மெகாபிட் எழுதும். எட்டால் பிரித்தால் 3 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. இரண்டு மணி நேர ஆராதனையை அப்படியே வைத்தால் வருடத்துக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டும். பிரசங்கம் மட்டும், 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குச் சுமார் 420 ஜிபி. நாலு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்பது வருடம் தாங்கும். ஆகவே வெட்டி வையுங்கள், ஆனால் மூலத் தரத்திலேயே வையுங்கள்.

படி 1: பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டியவை

பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. ஒரு பெரிய வெள்ளியன்று நேராகக் கணினியில், ஒபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளில் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது முடியும் நேரம் கரண்ட் போனது. யுபிஎஸ் இல்லை. கரண்ட் வந்த பிறகு பார்த்தால் பைல் இருந்தது, அளவும் காட்டியது, எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. காரணம் இதுதான்: சாதாரண எம்பி4 பைலில், எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். அதற்குள் மின்சாரம் போனால் அட்டவணை இல்லாத புத்தகம் மாதிரி ஆகிவிடும். எம்கேவி வடிவம் அப்படியல்ல. எழுதிய வரைக்கும் திறக்கும். ஒபிஎஸ்ஸில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வைத்து, பதிவு முடிந்ததும் தானாக எம்பி4 ஆக மாற்றும் தெரிவையும் போட்டுவிடுங்கள். அந்த மாற்றத்தில் தரம் துளியும் குறையாது, உறை மட்டும்தான் மாறும். அப்புறம், ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்குங்கள்.

ஒலியை மண்டப ஸ்பீக்கரில் இருந்து கமராவின் மைக் பிடிக்க விடாதீர்கள். மிக்ஸரில் இருந்து ஒரு வயர் நேராகக் கமராவுக்கோ கணினிக்கோ வரட்டும். தகரக் கூரையில் மழை விழும்போது இதன் அருமை தெரியும்.

போனில் பதிவு செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 1/50 என்று வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. மற்றது, பெரும்பாலான போன்கள் ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதை நிலையாக வைத்திருப்பதில்லை. அதனால் பிரசங்கத்தின் கடைசிப் பகுதியில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். இதற்கான மருந்து நாலாம் படியில் வருகிறது.

படி 2: ஒட்டுவதும் வெட்டுவதும்

பல கமராக்கள் நீண்ட பதிவை 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக உடைத்து எழுதும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த கார்ட்டில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம். துண்டுகளை ஒட்டவும், பிரசங்கம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெட்டவும் லொஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும். அது படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் ஒரு மணி நேர வீடியோவும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வெட்டும் இடம் ஒன்றிரண்டு நொடி முன்பின் விலகலாம். ஆகவே இரு பக்கமும் ஐந்து நொடி விட்டு வெட்டுங்கள்.

மனிதக் கை கட்டாயம் தேவைப்படும் ஒரே படி இது. அது நல்லதுதான் என்பேன். எதை வெளியே விடலாம், எதை விடக்கூடாது என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நோயாளிகளின் பெயர் சொல்லி ஜெபிக்கும் பகுதி, காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் அழுதுகொண்டு சாட்சி சொல்லும் பகுதி, இவையெல்லாம் சபைக்குள் பகிரப்பட்டவை. அவரிடம் கேட்காமல் இணையத்துக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. பாடல்களும் அப்படித்தான். பதிப்புரிமை உள்ள பாடல் ஒன்று வந்தால் யூரியூப் தானாகவே அதைக் கண்டுபிடித்து உரிமை கோரும். பிரசங்கத்தை மட்டும் வெட்டி எடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

படி 3: பெயரும் போல்டரும்

பைல் பெயர் வருடத்தில் தொடங்கட்டும்: 2025-04-18 என்று போட்டு, பின்னால் ஆராதனையின் பெயர், பிரசங்கியாரின் பெயர். வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் வைத்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். பைல் பெயருக்கு ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் வையுங்கள், ஏனென்றால் சில பழைய டிவிகள் பென்டிரைவில் உள்ள தமிழ்ப் பெயரைப் பெட்டி பெட்டியாகக் காட்டும். தமிழ்த் தலைப்பை யூரியூப்பிலும், ஏழாம் படியில் வரும் சேர்வரிலும் எழுதிக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் போல்டர்கள் இப்படி: ‘வருகை’, ‘மூலம்’, ‘சேமிப்பு’, ‘இணையம்’, ‘சிறியது’, ‘ஒலி’. வெட்டிய பைலை முதலில் ‘வருகை’யில் கொப்பி செய்யுங்கள். கொப்பி முழுவதும் முடிந்த பிறகு ‘மூலம்’ போல்டருக்கு நகர்த்துங்கள். ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தானியங்கி மென்பொருள் ‘மூலம்’ போல்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நேரடியாக அங்கே கொப்பி செய்தால் பாதி வந்த பைலையே முழுப் பைல் என்று நினைத்து மாற்றத் தொடங்கிவிடலாம்.

படி 4: ஹேண்ட்பிரேக்கில் மூன்று அளவுகளைத் தீர்மானிப்பது

தானாக ஓட விடும் முன் கையால் ஒரு தரம் செய்து பார்க்க வேண்டும். அதற்கு, வீடியோவை வேறு வடிவத்துக்கும் அளவுக்கும் மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, மூன்று அளவுகளையும் அமைத்து, ஒவ்வொன்றையும் ப்ரீசெட்டாக, அதாவது பெயரிட்ட அமைப்பாக, சேமியுங்கள்.

சேமிப்புப் பிரதிக்கு எச்.265 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), 1080பி (படத்தின் உயரம் 1080 புள்ளி), தர அளவு ஆர்எஃப் 22, வேகம் ‘ஸ்லோ’, ஒலி 160 கிலோபிட். இந்த ஆர்எஃப் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. எண் குறையக் குறையத் தரமும் பைல் அளவும் கூடும். அசையாத மேடையும் பேசும் ஒருவரும் மட்டுமே படத்தில் இருந்தால் 22இலேயே பைல் நன்றாகச் சிறுத்துவிடும். நொடிக்கு 3 மெகாபிட் என்று வந்தால் 45 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. மூல டிஸ்க் பழுதானால் நம்மைக் காப்பாற்றப்போவது இந்தப் பிரதி. இதிலே கஞ்சத்தனம் வேண்டாம்.

இணையப் பிரதிக்கு எச்.264. 2003இல் வந்த பழைய முறை என்பதுதான் அதன் பலம், கைக்குக் கிடைக்கும் எந்தப் போனும் டிவியும் அதை ஓட்டும். 720பி, ஆர்எஃப் 23, எம்பி4, ஒலி ஏஏசி மொனோ 96 கிலோபிட். பிரசங்கத்துக்கு ஸ்டீரியோ தேவையில்லை, குரல் ஒன்றுதான். ‘வெப் ஒப்டிமைஸ்ட்’ என்ற கட்டத்தில் கட்டாயம் சரி போடுங்கள். முன்னே சொன்ன அட்டவணையை அது பைலின் தலைப்பக்கத்துக்குக் கொண்டுவரும். அது பின்னால் கிடந்தால் சில பிளேயர்கள் பைல் முழுவதும் இறங்கும்வரை வெறும் வட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்.

சிறிய பிரதிக்கு 480பி. இங்கே ஆர்எஃப் வேண்டாம், சராசரி 600 கிலோபிட் என்று கட்டிவிடுங்கள், ஒலி மொனோ 64. 45 நிமிடம் ஏறத்தாழ 225 எம்பிக்குள் அடங்கும். பைல் அளவு முன்கூட்டியே தெரிந்தால்தான் டேட்டா போட்டுப் பார்ப்பவருக்குச் சொல்ல முடியும்.

மூன்றிலும் படவேகத்தை ‘மூலத்தில் உள்ளபடி’ என்றும், மாறாத வேகம் என்றும் வையுங்கள். போன் பதிவில் குரல் விலகிப்போவதற்கான மருந்து இதுதான். கமரா 50ஐ என்ற, படத்தை ஒன்றுவிட்டொன்று கோடுகளாகப் பிரித்து எழுதும் முறையில் பதிவு செய்தால், கையசைவில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸைப் போட்டால் போய்விடும்.

சரி, இப்போது முடிந்த பைல்களைச் சபையிலேயே மிகப் பழைய போன் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். புதுப் போனில் சோதிப்பதில் பயனில்லை.

படி 5: டிடார் மென்பொருளைக் காவலுக்கு வைப்பது

போல்டரைப் பார்த்துக்கொண்டிருந்து, புதுப் பைல் வந்தவுடன் வேலை தொடங்கும் மென்பொருள்கள் பல உண்டு. நான் பயன்படுத்துவது டிடார் (Tdarr). விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இரண்டு பகுதி இதற்கு: சேர்வர் வேலையைப் பங்கிடும், நோட் வேலையைச் செய்யும். இரண்டையும் ஒரே கணினியில் வைக்கலாம். நிறுவிய பின் அதே கணினியின் பிரவுசரில் localhost:8265 என்ற முகவரியை (8265 என்பது போர்ட் எண்) திறந்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். விண்டோஸில், ஹேண்ட்பிரேக்கின் கட்டளைவரி வடிவத்தைத் தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தை நோட்டின் அமைப்பில் காட்ட வேண்டும்.

முதலில் ஒரு லைப்ரரி உருவாக்கி, அதன் மூல இடமாக ‘மூலம்’ போல்டரைக் கொடுங்கள். வேலை நடக்கும்போது தற்காலிகமாக எழுத இன்னொரு போல்டர் கேட்கும், அதை வேகமான டிஸ்க்கில் கொடுங்கள். ‘போல்டர் வொட்ச்’சை இயக்குங்கள்.

அடுத்தது ஃப்ளோ. பெட்டிகளைக் கோடிழுத்து இணைக்கும் ஒரு பக்கம் அது. நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை. உள்வரும் பைல் என்ற பெட்டி முதலில். அதன்பின் ஹேண்ட்பிரேக் பெட்டி. நாலாம் படியில் சேமித்த ப்ரீசெட்டை ஹேண்ட்பிரேக்கில் இருந்து ஏற்றுமதி செய்தால் ஒரு ஜேசன் பைல் (வெறும் எழுத்துப் பைல்) கிடைக்கும், அதில் உள்ளதை அப்படியே இந்தப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். அதன்பின் ‘சேமிப்பு’ போல்டருக்கு நகர்த்தும் பெட்டி. அதன்பின் ‘செட் ஒரிஜினல் ஃபைல்’ பெட்டி. இது மறுபடி மூலப் பைலைக் கையில் எடுக்கச் சொல்லும். பிறகு இரண்டாவது ப்ரீசெட், ‘இணையம்’ போல்டர், மறுபடி மூலம், மூன்றாவது ப்ரீசெட், ‘சிறியது’ போல்டர், கடைசியில் திரும்பவும் மூலம்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, நிதானமாக வாசியுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த ஃப்ளோக்கள் பலவற்றில் ‘ரிப்ளேஸ் ஒரிஜினல் ஃபைல்’ என்ற பெட்டி கடைசியில் இருக்கும். படம், நாடகம் சேர்த்து வைப்பவர்கள் இடத்தை மிச்சம்பிடிக்க அதைப் போடுவார்கள். அது மூலப் பைலை நீக்கி, சுருக்கியதை அந்த இடத்தில் வைத்துவிடும். நமக்கு அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். முதல் சோதனையை ஒரு கொப்பியை வைத்துச் செய்து, மூலத்தின் அளவு மாறவில்லை என்று பார்த்த பிறகு உண்மையான பைல்களைப் போடுங்கள்.

ஒலிப் பிரதி ஹேண்ட்பிரேக்கால் முடியாது, அது வீடியோ இல்லாமல் பைல் எழுதாது. மூன்றாவது ப்ரீசெட் முடிந்த இடத்தில் எஃப்எஃப்எம்பெக் (வீடியோவையும் ஒலியையும் கட்டளையால் கையாளும் இலவச மென்பொருள்) பெட்டி ஒன்றை வைத்து, வீடியோவை விட்டுவிட்டு ஓடியோவை மட்டும் மறுபடி சுருக்காமல் எடுக்கச் சொல்லலாம். அது சிக்கலாகப் பட்டால், சிறிய பைலை லொஸ்லெஸ்கட்டில் திறந்து, வீடியோத் தடத்தை நிறுத்திவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். 64 கிலோபிட்டில் 45 நிமிடம் சுமார் 22 எம்பி.

இந்த ஒலிப் பைலை முதலில் நான் நினைத்தே பார்க்கவில்லை. கண் தெரியாத ஒரு அம்மா வீட்டுக்குப் போனபோது, பேரன் ஓட்டிவிட்ட பிரசங்க வீடியோவை, போனைத் திரைப்பக்கம் காதோடு அழுத்தி, அழைப்பில் பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். வீடியோ பாதியில் நின்றுவிடும், பேரன் பள்ளிக்கூடத்தால் வரும்வரை அப்படியே இருப்பார். இப்போது ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் போவது இந்த 22 எம்பி பைல். வயலில் நிற்பவர்களும் போனைச் சட்டைப் பையில் போட்டபடி கேட்கிறார்கள். நாலு பிரதிகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 6: எப்போது ஓட விடுவது

மாற்றும் வேலை கணினியின் முழுப் பலத்தையும் எடுக்கும். பழைய லப்டொப்பில் எச்.265 பிரதி ஒன்றுக்கே பல மணி நேரம் போகும். சித்திரை வெயிலில் பகல் நேரத்தில் ஓட்டினால் சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிடாரின் நேர அட்டவணையில் இரவு 10 முதல் காலை 5 வரை மட்டும் வேலை செய்யும்படி குறியுங்கள். வருடத்தில் இரண்டு தரமாவது விசிறித் தூசியைத் துடையுங்கள். நம் செம்மண் தூசி எவ்வளவு விரைவாக அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்டெலின் குயிக் சிங்க் போன்ற வன்பொருள் வழியாக மாற்றினால் வேகம் பல மடங்கு கூடும். ஆனால் அதே தரத்துக்குப் பைல் பெரிதாகும். இணையப் பிரதிக்கும் சிறிய பிரதிக்கும் அதைப் பயன்படுத்தலாம். சேமிப்புப் பிரதியை மெதுவாகவே செய்யுங்கள், ஒருமுறைதானே செய்கிறோம்.

படி 7: மக்களிடம் கொண்டுபோவது

யூரியூப்பில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற, போன் எண்ணால் கணக்கை உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் ஏற்றுவதை யூரியூப் மறுபடி பல அளவுகளாக மாற்றிக்கொள்ளும். ஆகவே டேட்டா இருந்தால் சேமிப்புப் பிரதியை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் 720பி போதும், 45 நிமிடம் சுமார் 500 எம்பி. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் மாற்றம் முடிந்த கையோடு அந்த நேரத்திலேயே ஏற்றலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் சனம் காத்திருப்பது இதற்குத்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ஜெலிஃபின் என்ற இலவச சேர்வர் மென்பொருளை அதே கணினியில் நிறுவி, ‘இணையம்’, ‘சிறியது’, ‘ஒலி’ போல்டர்களை அதற்குக் காட்டுங்கள். ஆலயத்தில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை வைத்தால், ஆராதனைக்கு வந்தவர்கள் கடந்த வாரப் பிரசங்கத்தை ஒரு எம்பி டேட்டாவும் செலவில்லாமல் போனில் இறக்கிக்கொண்டு போகலாம். ரவுட்டருக்கு இணைய இணைப்பே தேவையில்லை. பிரவுசரில் அந்தக் கணினியின் ஐபி முகவரியும் (வைஃபை வலையில் அதற்குரிய எண்) 8096 என்ற போர்ட்டும் கொடுத்தால் திறக்கும். பயனர் கணக்கில் பதிவிறக்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

பல தரங்களைத் துண்டு துண்டாக வெட்டி, இணைய வேகத்துக்கு ஏற்ப மாறி மாறி அனுப்பும் எச்எல்எஸ் முறை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சொந்த இணையத்தளத்தில் இருந்து நேரடியாக ஒளிபரப்பும் பெரிய சபைகளுக்கு அது தேவை. நம்மைப் போன்ற சபைகள் அந்த வேலையை யூரியூப்பிடம் விட்டுவிடலாம்.

படி 8: இரண்டாவது டிஸ்க்

‘சேமிப்பு’ போல்டரை இரண்டாவது டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி செய்யுங்கள். மூலமும் சேமிப்பும் வேறு வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அலுமாரியில் இருக்கக்கூடாது. ஒன்று ஆலயத்தில், மற்றது இன்னொரு ஊரில் ஒரு சபை வீட்டில். கார்த்திகை, மார்கழி மழைக்கு டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மெமரி கார்ட்டை அழிக்கும் முன் டிடாரின் ‘ஹெல்த் செக்’கில் முழுச் சோதனையை ஓட்டி, மூலத்தின் நீளமும் மற்றப் பிரதிகளின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 45 நிமிடத்துக்குப் பதிலாக 31 நிமிடம் என்று காட்டினால் கார்ட்டைத் தொடாதீர்கள், முதலில் இருந்து தொடங்குங்கள்.

இந்த அமைப்பு முழுவதையும், போல்டர் பெயர், போர்ட் எண், ப்ரீசெட் அளவுகள் உட்பட, ஒரு தாளில் எழுதி, கணினி இருக்கும் மேசையில் ஒட்டுங்கள். ப்ரீசெட் பைல்களையும் ஃப்ளோவையும் இரண்டு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். அப்புறம், மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரு பழைய பிரசங்கத்தைக் கண்ணை மூடி எடுத்து, வெளியூரில் இருக்கும் டிஸ்க்கில் இருந்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அந்த வேலையை, இதுவரை கணினி தொடாத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, தாளை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, தாளில் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.